எங்கள் ஊருக்குப் புள்ளி இல்லை

பழுத்த கொய்யாவின் வாசனையைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியாது என்பதை ஏழாம் வகுப்புப் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியின் விடுதியில், நாற்பது பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் நீளமான அறையில், மரகதத்தின் பெட்டி என் பெட்டிக்கு அடுத்ததாக இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா ஆயக்குடியிலிருந்து ஒரு கூடை கொய்யா கொண்டுவருவார். பாதியை வார்டன் சிஸ்டர் எல்லோருக்கும் பங்கு வைப்பார், மீதியை அவள் பெட்டியில் வைத்துக்கொள்வாள். புதன்கிழமைக்குள் அது கனிந்து, என் பாவாடையில், என் நோட்டுகளில், நான் தலைக்கு வைத்துக்கொள்ளும் துணி மூட்டையில் எல்லாம் அவள் ஊர் மணக்கும். மற்றப் பிள்ளைகள் "ஆகா, ஆயக்குடி வந்துருச்சு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அந்த விடுதியில் ஒருத்தரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தாயோ அந்த ஊர்தான் உன் பெயர். நத்தத்துக்காரிக்கு "நத்தம்", மாங்காய்க் காலத்தில் அவளைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் உப்புப் பொட்டலத்தோடு நிற்பார்கள். மலையிலிருந்து வந்தவளுக்கு "சிறுமலை", அவள் வீட்டிலிருந்து வருகிற சின்னச் சின்ன வாழைப்பழத்துக்குச் சிஸ்டர்மார்களே காத்திருப்பார்கள். மரகதம் "ஆயக்குடி". அவள் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு "ங்க" ஒட்டிக்கொண்டிருக்கும். "ஏனுங்க சிஸ்டர், மணி அடிச்சிருச்சுங்களா" என்று அவள் கேட்டால், கடுகடுத்த வார்டன் சிஸ்டருக்கே முகம் இளகிவிடும். என் ஊர் வேடசந்தூர் போகிற வழியில், ரோட்டிலிருந்து இறங்கி மூன்று மைல் நடந்தால் வருகிற ஓடைக்கரைப்பட்டி. நாற்பத்தொரு வீடு. பெயரோ நீளம், யாருக்கும் தெரியவும் தெரியாது, ஆகவே எனக்கு வைத்த பெயர் "பட்டி". எந்தப் பட்டி என்றுகூட யாரும் கேட்டதில்லை. எங்கள் காட்டில் விளைந்தது சோளமும் துவரையும். ஞாயிற்றுக்கிழமை யாராவது பெற்ற பிள்ளையைப் பார்க்கச் சோளம் கொண்டுவருவார்களா?

என் அப்பா செம்மறியாடு மேய்த்தார். அறுவடை முடிந்ததும் நூற்றுச் சொச்சம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், யாருடைய வயலில் எரு வேண்டுமோ அங்கே ஆடுகளைக் கிடை போட்டு, அவர்கள் தருகிற தானியத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது அவர் தொழில். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். விடுதியில் சேர்த்த புதிதில் என்னைப் பார்க்க இரண்டு மூன்று முறை வந்தார். தலையில் சிவப்புத் துண்டு, தோளில் கம்பளி, கையில் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கும் தொரட்டி, உடம்பெல்லாம் ஆட்டு வாடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரகதத்தின் அப்பா வெள்ளைச் சட்டையும் பேனாவுமாகப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து சிஸ்டரோடு பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் அப்பா வாசற்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். அன்றைக்கே நான் அவரிடம், "எல்லாரும் போனதுக்குப் பெறகு சாயங்காலமா வாங்கப்பா, கூட்டமா இருக்கு" என்றேன். அவர் "சரி தாயி" என்றார். அதன்பின் சாயங்காலங்களில்தான் வந்தார்.

மரகதம் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் எரிச்சலை அதிகமாக்கியது. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவள் நல்ல கொய்யாவாகப் பார்த்து, காக்கை கொத்தாததாகப் பார்த்து, எனக்கென்று ஒன்றை எடுத்து வைப்பாள். நான் வாங்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வீசி எறிந்திருக்கிறேன். ஒருமுறை எறியாமல் தின்றேன். இன்றுவரை அதைவிட ருசியான கொய்யாவை நான் தின்றதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் பெற்றோர் தினத்துக்கு முன்னால் சமூகவியல் டீச்சர் சகாயராணிக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளியின் நடைக்கூடச் சுவரில், ஆள் உயரத்துக்கு, திண்டுக்கல் மாவட்டத்தின் வரைபடத்தை வரைய வேண்டும், வருகிற பெற்றோர் எல்லோரும் தங்கள் ஊரைச் சுவரில் பார்க்க வேண்டும். வரைகிற வேலை எனக்கு வந்தது. எனக்கு வேறு எதுவும் வாய்க்கவில்லை என்றாலும் கை மட்டும் நன்றாக ஓடும், கட்டம் போட்டுச் சின்னப் படத்தைப் பெரிதாக்குவதில் வகுப்பில் எனக்கு நிகர் இல்லை. வரையப்போகிறவள் நான் என்று டீச்சர் சொன்னதும் எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு, ஓடைக்கரைப்பட்டியை எங்கே எழுதலாம் என்பதுதான்.

மறுநாள் டீச்சர் ஒரு தடித்த அரசாங்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஊர்களையும் அவற்றின் ஜனத்தொகையையும் வாசித்தார். நகராட்சிகளுக்குச் சிவப்பில் பெரிய புள்ளி. பேரூராட்சிகளுக்கு நீலத்தில் சின்னப் புள்ளி. கிராமங்களுக்குப் புள்ளி கிடையாது. "எல்லா ஊரையும் எழுதுனா சுவரு பத்தாதும்மா" என்றார். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் சிவப்பு. நத்தத்துக்கு நீலம். ஆயக்குடி என்று வாசித்தபோது மரகதம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பு ஒரே நாளில் இரண்டாகப் பிரிந்துபோனது. புள்ளி உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். சிறுமலைக்காரி, "எங்க மலையவே பச்சையில வரையப் போறீக, எனக்குப் புள்ளி எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மலையும் இல்லை. ஓடை என்று பெயரில் இருக்கிறதே தவிர, அதில் நான் தண்ணீர் பார்த்தது இரண்டே முறை.

மரகதம் அன்றிரவே வீட்டுக்குக் கடிதம் எழுதினாள். நம் ஊர் சுவரில் வருகிறது, அப்பா அம்மா சித்தப்பா எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று. எழுதியதை எனக்குத்தான் வாசித்துக் காட்டினாள். "நீதானே புள்ள எழுதப் போறே, எங்கூரு பேர மட்டும் கொஞ்சம் அழகா எழுதிரு" என்றாள். நான் சரி என்றேன்.

பத்து நாள் வரைந்தேன். மலைகளுக்குப் பச்சை, ஆறுகளுக்கு நீலம், ரோடுகளுக்குக் கறுப்பு. டீச்சர் தினமும் வந்து பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, எழுத வேண்டிய ஊர்ப் பெயர்களின் பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை நடைக்கூடத்தில் நான் ஒருத்திதான். மேலே மாடியில் குழு நடனத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மரகதம் அதில் முன் வரிசை. அவர்கள் காலால் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் என் தலைக்கு மேலே கேட்டது. கிழக்கிலிருந்து மேற்கே எழுதிக்கொண்டே வந்தேன். ஒட்டன்சத்திரம் முடிந்தது. பழனி முடிந்தது. இரண்டுக்கும் நடுவே, பழனியை ஒட்டி, அளந்து வைத்த இடத்தில் ஆயக்குடியின் நீலப் புள்ளியையும் வைத்துவிட்டேன்.

புள்ளியைச் சரியாகத்தான் வைத்தேன். பெயரை எழுத வேண்டிய இடத்தில் என் கை நின்றது. எதையும் யோசித்து முடிவு செய்ததாக ஞாபகம் இல்லை. மேலே பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. தூரிகையை மறுபடி ஒருமுறை பெயிண்டில் தோய்த்து, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில், பட்டியலில் இருந்த எந்த ஊருக்கும் எழுதாத அழகோடு, "ஓடைக்கரைப்பட்டி" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் உடம்பு லேசானது. பெயிண்ட் காய்ந்ததும் சிஸ்டர் வந்து, மறுநாள் திறப்பதற்காக அதன்மேல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மரகதத்தின் வீட்டார் ஆறு பேர் வந்தார்கள். விரிப்பை விலக்கியதும் கூட்டம் சுவரை நெருங்கியது. அவரவர் தங்கள் ஊரைத் தேடித் தொட்டுப் பார்த்தார்கள். மரகதத்தின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழனியிலிருந்து ஆரம்பித்து விரலை நகர்த்தினார், திரும்ப வந்தார், மறுபடி நகர்த்தினார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று மரகதத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண் அந்த நீலப் புள்ளியில் நின்றது. அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"எங்கம்மிணி நம்மூரு" என்று அவள் அம்மா கேட்டார்.

"இடம் பத்தலைங்கம்மா" என்றாள் மரகதம்.

அந்த நேரத்தில்தான் என் அப்பா வந்தார். சாயங்காலம் வர வேண்டியவர். பெற்றோர் தினம் என்றால் காலையில் வர வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஆடுகளை யார் பொறுப்பிலோ விட்டுவிட்டு, அவித்த கடலை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தொரட்டியை மட்டும் வாசலில் சாய்த்து வைத்திருந்தார். நான் போய்த் தடுப்பதற்குள் சுவருக்கு முன்னால் வந்துவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வரைபடம் என்றால் என்னவென்று ஒரு கணத்தில் புரிந்துகொண்டார். பச்சையைப் பார்த்து "இது சிறுமலை" என்றார். கறுப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து, "இப்பிடிப் போனா ஒட்டன்சத்திரம், இப்பிடிப் போனா பழனி" என்று நடந்து போகிறவர் மாதிரியே சொல்லிக்கொண்டு போனார். சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

மரகதத்தின் அப்பா அவரிடம், "ஏனுங்க, ஆயக்குடி தெரியுங்களா? அதத்தான் காணோம்" என்றார்.

"தெரியாமயா? போன வருசம் அங்கன கொய்யாத் தோப்புலதான கிடை போட்டிருந்தேன். இந்தா, இங்கன இருக்கணும்" என்று சொல்லி அந்த நீலப் புள்ளியின்மேல் விரலை வைத்தார் அப்பா. "புள்ளி இருக்கே. பக்கத்துல என்னமோ எழுதியிருக்கே, அதான?"

மரகதத்தின் அப்பா குனிந்து வாசித்தார். "ஓடைக்கரைப்பட்டின்னு போட்டிருக்குதுங்க. அதெங்க இருக்குதுன்னு தெரியலிங்க."

அப்பா அந்த எழுத்துகளை ஒருமுறை பார்த்தார். விரலைச் சுவரிலிருந்து எடுத்தார். பிறகு, "அது எங்க ஊருங்க" என்றார். "இந்தப் பக்கம் இல்ல. வேடசந்தூருப் பக்கம். வரஞ்சது எம் மகதான். சின்னப் பிள்ளையில ஊர விட்டு வந்துருச்சு, தெச மறந்துபோச்சு போல."

திசை மறக்கிற பிள்ளை அத்தனை ரோடுகளையும் ஆறுகளையும் எப்படி இடம் தப்பாமல் வரைந்திருக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மரகதத்தின் அப்பா சிரித்து, "பாப்பா நல்லா வரஞ்சிருக்குது" என்றார். இருவரும் அப்படியே ஆடுகளைப் பற்றியும் தோப்பைப் பற்றியும் பேசிக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போனார்கள். வரும் தை மாதத்தில் தன் தோப்பில் கிடை போட வேண்டும் என்று மரகதத்தின் அப்பா கேட்டதும், அப்பா சரி என்றதும் என் காதில் விழுந்தது. என் அப்பாவையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அந்த வயதில் அப்படித்தான் தோன்றியது.

கிளம்பும்போது வாசலில் அப்பா கடலைப் பையைக் கொடுத்தார். "அவுக ஊரு பேர எதுக்குத் தாயி எழுதாம விட்ட?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"நம்ம ஊருக்கு ஒண்ணுமே இல்லப்பா. புள்ளிகூட இல்ல."

"நம்ம ஊருக்கு எதுக்கு இப்ப புள்ளி?" என்றார். உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை. தொரட்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வருடத்துக்குப் பிறகு விடுதிக்கு அம்மாதான் வந்தாள். "அப்பாவுக்கு வேல" என்பாள். நான் ஒருமுறைகூட அவரை வரச் சொல்லி அனுப்பவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் வந்தார், பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். மறந்துவிட்டேன் என்றேன். "மறந்தா எடம் காலியா இருக்கும். வேற பேரு எப்பிடி வரும்?" என்றார். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் என் ஊரை நானே துடைத்தேன். பெயிண்ட் காய்ந்துவிட்டதால் சீக்கிரம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சுவரில் ஒரு கறை பரவியது, அதன்மேல் ஆயக்குடி என்று எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோது மரகதம் முன்னால் வந்து, "டீச்சர், அவ ஊரையும் அதோட இடத்துல சின்னதா எழுதிக்கட்டும்ங்க" என்றாள். டீச்சர் கொஞ்சம் யோசித்து, "சரி, புள்ளி இல்லாம எழுதிக்க" என்றார்.

"வேண்டாம்" என்று நான் சொன்னேன். மரகதம் பிச்சை போட்டு என் ஊர் சுவரில் ஏற வேண்டியதில்லை என்று நினைத்தேன். அவளால் என்னை மன்னிக்க முடிந்தது, என்னால் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல முடியவில்லை. அந்தப் பெருந்தன்மையும் கொய்யாவைப் போல அவள் ஊரில் தானாக விளைகிற ஒன்று போலிருக்கிறது என்று எண்ணி, அதற்கும் சேர்த்தே அவளை வெறுத்தேன். பத்தாம் வகுப்புவரை எங்கள் பெட்டிகள் அடுத்தடுத்துத்தான் இருந்தன. தேவைக்கு மேல் நான் பேசவில்லை.

அந்தச் சுவர் இப்போது இல்லை. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டியபோது நடைக்கூடத்தையே இடித்துவிட்டார்கள். விடுதியையும் மூடியாயிற்று. ஊருக்கு ஊர் பள்ளியும் பஸ்ஸும் வந்தபிறகு பாய் விரித்துப் படுக்க யார் வருவார்கள். ஓடைக்கரைப்பட்டியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள், பெரியவர்கள் பின்னாலேயே போனார்கள், எங்கள் சோளக்காட்டில் ஒரு நூற்பாலையின் சுற்றுச்சுவர் எழும்பியிருக்கிறது. நானும் திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டேன். யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் திண்டுக்கல் என்றுதான் சொல்கிறேன். அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்துபோனார். ஆடுகளை அம்மா விற்றுவிட்டாள்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் மரகதத்தைப் பார்த்தேன். மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுப் பழனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. தூரத்திலிருந்தே "பட்டி" என்று கூப்பிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வரைபடத்தை, புள்ளியை, நான் வேண்டுமென்றே செய்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"சுவத்துலயா? எனக்கு ஞாபகமே இல்லியே புள்ள" என்றாள். "டான்ஸ் ஆடுனது ஞாபகம் இருக்குது."

பொய் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே மறந்திருந்தாள். நான் இத்தனை வருடம் சுமந்ததை அவள் ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"உங்கப்பாவத்தான் நல்லா ஞாபகம் இருக்குது" என்றாள் அவளே. "வருசா வருசம் தையில எங்க தோப்புக்கு வந்துருவாங்கல்ல. பொங்கல் லீவுல நான் வீட்டுல இருப்பேன். எழுதப் படிக்கச் சொல்லிக்குடு பாப்பான்னு கேட்டாங்க. எங்கயோ நாலு பேருக்கு முன்னால ஒரு பேர வாசிக்கத் தெரியாமப் போச்சாம், அது மனசுல நின்னுபோச்சாம். மரத்தடியில மண்ணுல குச்சியால எழுதிக் காட்டுவேன். ரெண்டு வருசத்துல பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்கு வந்துட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. என் அப்பா கடைசிவரை கைரேகை வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். படிப்பதற்கென்று ஊரை விட்டு வந்தவள் நான், அவர் படிக்கக் கேட்டதோ இவளிடம். அவர் குனிந்து மண்ணில் முதல் எழுத்தை எழுதியபோது எப்படி இருந்திருப்பார், தப்பாக எழுதினால் சிரிப்பாரா, கூச்சப்படுவாரா, எந்த எழுத்து அவருக்கு வரவே இல்லை, இவையெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வழியில்லை. ஏழாம் வகுப்பில் எரிந்ததைவிட அதிகமாக அன்று என் வயிறு எரிந்தது. இந்த முறை அதில் அவள் குற்றம் துளியும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பழனி பஸ் வந்து நின்றது. அவள் பையை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "செத்த நேரம் இருந்துட்டுப் போ, அடுத்த பஸ்ஸுல போகலாம்" என்றேன். "எங்கப்பாவுக்கு முதல்ல எந்த எழுத்து சொல்லிக் குடுத்த?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.